பதினோரு ஆண்டு சைபர்

ஆண்டு 11, நாள் 42. 06:10
எழுதுவது தில்லைநாயகி, முன்னோடிக் கப்பலில் தனி ஆள். வேகம்: ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு. எதிரே தூசு: சைபர். முகப்புப் பனிக்கவசம்: மூன்று மீட்டர். போன வாரம் மூன்றரை. தூசே இல்லையென்றால் கவசத்தை எது தின்கிறது? இந்த வேகத்தில் ஒரு மணல் துகள் வெடிகுண்டு. நட்சத்திரம்வரை மனிதன் போக இயற்பியல் விடுமா என்று ஊரே கேட்டபோது, “விடும், வழி சுத்தம்” என்று அறிக்கை அனுப்பியவள் நான்தான்.

நாள் 42. 13:25
மூன்றாவது சோதனை. தூசு பார்க்கும் லேசர் கண்ணில் கோளாறே இல்லையாம். கம்ப்யூட்டர் சொல்கிறது. அதன் தலை! என் முதல் வருட அறிக்கையை நம்பி இரண்டாவது கப்பல் அறுபது பேரோடு இதே பாதையில் வருகிறது. மூன்று ஒளிமாதம் பின்னால்; எங்கள் வேகத்தில் பதினைந்து மாதப் பயணம். ஓட்டுவது என் தங்கை பூங்கோதை.

நாள் 43. 09:40
பூமியிலிருந்து செய்தி. கட்டுப்பாட்டு அறைத் தலைவர் சிற்றம்பலம் இரண்டு வருடத்துக்கு முன் பேசியது:
“என்னம்மா தில்லை, ஒரு தூசுகூட இல்லையாமே! எல்லாம் நம்ம கைராசி. கடைசி சோதனை முடிஞ்சப்புறம் பூஜை போட்டோம்ல, லேசர் கண்ணுக்கு நட்டநடுவுல நானே சந்தனம் குங்குமம் வெச்சேன். உன் தங்கச்சி கப்பலுக்கும் வெச்சுத்தான் அனுப்பினேன். கவலப்படாத.”

நாள் 43. 11:05
கண்ணை உள்ளே இழுத்துப் பிரித்தேன். பொட்டு காய்ந்து ஒட்டியிருக்கிறது. அது மறைத்த நடுவட்டத்தைக் கம்ப்யூட்டர் ‘காலி’ என்றே படித்திருக்கிறது. நகத்தால் சுரண்டினேன். அட பாவி மனுஷா! வாய்விட்டுத் திட்டினாலும் உமக்குக் கேட்க இரண்டு வருடத்துக்கு மேலாகும். உம்மை மட்டும் சொல்லி என்ன பயன்? அன்று கண்ணை மூடிக் கும்பிட்டபடி பக்கத்தில் நின்றவள் நான்.

நாள் 43. 11:50
கண்ணைத் திரும்பப் பொருத்தியாயிற்று. திரை முழுக்கத் தூசு மேகம். நாற்பது நிமிடத் தொலைவு. சுற்றிப்போக ஆறு நாள் வேண்டும். எனக்கு வழியில்லை. இப்போதே சொன்னால் கோதைக்கு ஒரு வருடம் கிடைக்கும்.

நாள் 43. 12:31
அனுப்பிக்கொண்டிருக்கும் செய்தி:
“கோதை, அக்கா பேசறேன்டி. நான் சொன்ன சைபர் எல்லாம் தப்பு. உன் லேசர் கண்ணைக் கழட்டித் துடை. அழாம கேளு. மேகத்தோட இடம், அடர்த்தி எல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் அனுப்பிட்டே இருப்பேன். பயமா இருக்குடி. கவசம் ரெண்டு மீட்டர். ஒண்ணு. என் சத்தம் எங்க நிக்குதோ, அந்தப் பக்கம் மட்டும் வந்து