அவர் மாற்றிய வசனம்

8 பிப்ரவரி 1966

பள்ளியில் இன்று ஓயாமல் வகுப்பு. தொண்டை கட்டிவிட்டது. மாலையில் மன்றத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம்.

குணமாலா அம்மையார் என் நாடகத்தின் முடிவை மாற்றிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. ஒத்திகை நடக்கும்போதே பென்சிலால் என் வரிகளை அடித்துவிட்டு மேலே தன் வரியை எழுதினார். என் அரசி, பகைவனுக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட தளபதிக்கு மரண தண்டனை விதிப்பாள். அந்தத் தீர்ப்புக்காகத்தான் நாடகமே. இவருடைய அரசி மன்னித்து அனுப்பிவிடுகிறாள்.

“பாக்க வர்றவங்க நாள் முச்சூடும் தறியில குந்திட்டு எழுந்து வர்றவங்க, சார். வருஷத்துக்கு ஒரு நாடகம் பாக்கறாங்க. ஒருத்தன் கழுத்தை வெட்டறதைப் பாத்துட்டா வீட்டுக்குப் போவணும்?” என்றார்.

எழுதியவன் எதிரில் நிற்கிறான். அவனிடம் சொல்லும் முறை இது.

வெண்தாமரை மாதர் மன்றம் என்று எட்டு ஆண்டுக்கு முன் பெயர் வைத்தவன் நான். விதிகளை எழுதியவன் நான். அவர் பி.ஏ., எல்.டி. நான் எம்.ஏ. மாதர் மன்றத்துக்கு மாதர்தான் தலைவராக இருக்க வேண்டும் என்று அவரைத் தலைவராக்கினார்கள், ஒப்புக்கொண்டேன். எனக்கு ‘ஆலோசகர்’ என்று ஒரு பதவி கொடுத்தார்கள். யாரும் ஆலோசனை கேட்காதவனுக்கு அப்படியொரு பெயர்.

10 பிப்ரவரி

வீட்டில் பொன்னியம்மாளிடம் சொன்னேன். கட்டிய மனைவி, ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லக் கூடாதா?

“அந்தம்மா சொல்றது சரிதானே. கழுத்த வெட்றதுன்னா நான்கூட பாதியில எழுந்து வந்துடுவேன்” என்றாள். சொல்லிக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

19 பிப்ரவரி

நோட்டீஸ் அச்சாகி வந்தது. என் பெயர் இருக்கிறது, ஒலிபெருக்கிக்காரர் பெயருக்குக் கீழே.

2 மார்ச்

அம்சவேணிதான் தளபதி. பிள்ளையார்பாளையத்தில் மன்றம் நடத்தும் பிள்ளைகள் காப்பகம் இவள் பொறுப்பில் இருக்கிறது. தாய்மார்கள் தறியில் இருக்கும் நேரத்துக்குப் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். நாடகத்தில் வசூலாவது அந்தக் காப்பகத்துக்குக் கூரை போடத்தான். ஒட்டு மீசையோடு மேடையில் நடந்துகாட்டினாள். ஆண் நடையாக இல்லை என்றேன்.

“ஐயா அந்தக் காலத்துல பொம்பள வேஷம் கட்டினவரு. ஆம்பள நடை எப்பிடின்னு நாங்க வேற யாருகிட்டனா கேட்டுக்கறோம்” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மையாரும் சிரித்தார். முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டுதான். பார்த்துவிட்டேன்.

ஆமாம், கட்டினேன். இந்த ஊரில் பெண்கள் மேடையேறாத நாட்களில், நான் சேலையில் வந்து நின்றால் கொட்டகை அடங்கும். இப்போது ராஜா வேடத்துக்குக்கூடப் பெண்களே வந்துவிட்டார்கள். எனக்கு மேடையில் இடமில்லை. பக்கத் திரைக்குப் பின்னால் பிரதியோடு நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை. எழுதியவனுக்கு.

13 மார்ச், ஞாயிறு

நேற்று நாடகம். வரிசையாகவே எழுதிவிடுகிறேன்.

பள்ளி மைதானத்தில் பந்தல். நல்ல கூட்டம். அம்மையார் பொழுது சாய்வதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிட்டார். சமணர் வீட்டு வழக்கம், நாடக நாளென்றாலும் தவறாது. காலையிலிருந்தே தலைவலி என்று காந்தாவிடம் சொன்னாராம். காந்தா வக்கீல் வீட்டு அம்மாள், மன்றத்தின் பொருளாளர். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

கடைசிக் காட்சி. அம்சவேணி மண்டியிட்டிருக்கிறாள். அரசி வேடத்தில் அம்மையார் எழுந்தார். “தளபதி, உன் குற்றத்துக்கு” என்றார். நின்றுவிட்டார்.

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பிரதி என் கையில். அடுத்த வரி என் விரலுக்குக் கீழே, அவருடைய பென்சில் எழுத்தில். நான் சொல்லவில்லை. அது என் வரி இல்லை. நீ மாற்றிய வரி, நீயே தேடிக்கொள் — இப்படித்தான் நினைத்தேன், இதே சொற்களில்.

அவர் என் பக்கம் திரும்பினார். பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. விளக்கு வெளிச்சத்தால் என்று நினைத்தேனா? நினைத்தேன் என்றுதான் எழுத வேண்டும். தெரியவில்லை. அரசி தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறாள் என்று கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும். அவர் வலது கையிலிருந்து செங்கோல் நழுவி விழுந்தது. கைதட்டல் இன்னும் கூடியது. அவரே விழுந்த பிறகுதான் நின்றது.

15 மார்ச்

பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு. காலையிலேயே உள்ளே ஆரம்பித்திருக்கும், யார் என்ன செய்திருந்தாலும் நின்றிருக்காது என்றார் டாக்டர். யார் என்ன செய்திருந்தாலுமா? இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அப்புறம் எனக்கென்ன. அப்புறம் ஏன் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் காந்தா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்: “பாவம், அப்பாதுரை சார் அங்கேர்ந்து வரியச் சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. அவங்க காதுலதான் விழல.”

நான் அப்படிச் சொல்லவில்லை. அவளாகச் சொல்கிறாள். மறுக்கவும் இல்லை.

17 மார்ச்

அம்சவேணி என்னை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள்.

“நான் அவங்க காலாண்டதானே மண்டி போட்டுக்கினு இருந்தேன். உங்க கொரலு வரலியே, ஐயா.”

“கைதட்டலில் உனக்குக் கேட்டிருக்காது.”

“தட்றதுக்கு மின்னாடி?”

சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

10 ஏப்ரல்

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். செவிலிமேட்டில் அவர் வீட்டுக்குத் தினமும் மாலையில் போய் வருகிறேன். ஏன்? பேச்சு திரும்புகிறதா என்று பார்க்க. வேறு எதற்கும் இல்லை.

சொற்கள் வருகின்றன, தப்பான இடத்தில். மூக்குக் கண்ணாடியைக் கேட்பதற்குச் செருப்பு என்கிறார். இன்று கஞ்சிக்குக் கையை நீட்டிக்கொண்டே “வேணாம், வேணாம்” என்றார். கூட இருந்து பார்த்துக்கொள்பவள் அவர் தங்கை மகள் இந்திரா. வேண்டாமாக்கும் என்று கிண்ணத்தை எடுத்துப் போய்விட்டாள். அம்மையார் கண்ணில் நீர். எனக்குப் பிடிபட்டது. “அவங்க வேணாம்னு சொன்னா வேணும்னு அர்த்தம். குடும்மா” என்றேன். குடித்தார். முழுக்கக் குடித்தார்.

அதிலிருந்து அவர் சொல்வதற்குப் பொருள் சொல்பவன் நான். பார்க்க வருகிற மன்றத்துப் பெண்கள் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். “சார், அம்மா இன்னா சொல்றாங்க?” காந்தாவே கேட்கிறாள்.

29 ஏப்ரல்

இன்று பத்திரிகைத் தலையங்கத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் எனக்கு முன்னால் அவர் சிரித்துவிட்டார். சிரிக்க வேண்டிய இடம்தான். எட்டு வருஷத்தில் இந்த அம்மாள் நான் பேசி முடிக்கும்வரை கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறார். பகலெல்லாம் இந்த நேரத்துக்காகக் காத்திருக்கிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

18 மே

சில நாட்களாக ‘வேணாம்’ சரியாகிவிட்டது. வேணும் என்றால் வேணும் என்றே சொல்கிறார். இதைக் கவனித்தவர்கள் இந்திராவும் நானும்தான். மற்றவர்கள் வந்தால் சோர்ந்துபோய்ப் பேசுவதில்லை.

இன்று இந்திரா அடுப்படியில் இருந்தாள். நான் பத்திரிகையைப் பிரித்தேன். அவர் இடது கையை அதன் மேல் வைத்து மடக்கினார்.

“நீங்க... சொல்லல.”

“என்ன சொல்லல?”

“வரி.”

சொல் பிசகவில்லை. பார்வையும் பிசகவில்லை. மணியாகிவிட்டது என்று எழுந்துகொண்டேன்.

19 மே

போகவில்லை.

30 மே

போகவில்லை. தலைவருக்கு இன்னும் எத்தனை காலம் ஆகுமோ, மன்றத்தை யாராவது ஏற்று நடத்தியாக வேண்டும் என்று காந்தா பேசிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். அம்மையாரையும் அழைத்து வருவாளாம். இந்திரா பரீட்சைக்காகச் சென்னை போயிருக்கிறாள்.

5 ஜூன், ஞாயிறு

கூட்டம் நடந்தது.

காந்தா என் பெயரைச் சொன்னாள். “ஆபீஸ் ஆபீசா ஏறி எறங்கறதுக்குப் படிச்ச ஆம்பள ஒருத்தர் வேணும். சாரை விட்டா யாரு?”

அம்சவேணி எழுந்தாள். “மீசதான் வேணும்னா நான் ஒட்டிக்கினு வரேன். பெட்டியில பத்தரமா இருக்குது.”

கூடம் முழுக்கச் சிரிப்பு. காந்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மாவையே கேட்டுவிடுவோம் என்று அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தாள். “அம்மா, அப்பாதுரை சார் பாத்துக்கட்டுமா?”

அவர் என்னைப் பார்த்தார். “இவர் வேணாம்” என்றார்.

எல்லோருக்கும் கேட்டது. இடது கையைத் தூக்கி, இன்னொரு தரம்: “வேணாம்.”

“சார், அம்மா இன்னா சொல்றாங்க?”

சொல்லியிருக்கலாம். வாய் திறந்து, அவர் சொல்வது அதேதான் என்று சொல்லியிருக்கலாம். கூடமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாகிவிட்டது ஒரு கூடம் என்னை அப்படிப் பார்த்து.

“உங்களுக்குத் தெரியாததா? வேணும் என்பதைத்தான் அவர் வேணாம் என்பார். கஞ்சிக்கும் அப்படித்தான்” என்றேன்.

தலையசைத்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வேணாம், வேணாம் என்று அவர் சொல்லச் சொல்ல, அவ்வளவு ஆசையாகக் கேட்கிறாரே என்று கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

அம்சவேணி மட்டும் தட்டவில்லை. அவள் எப்போது எனக்குத் தட்டினாள்.

எட்டு வருஷம் தாமதம். ஆனாலும் வந்தது.

6 ஜூன்

பொன்னியம்மாள் பாயசம் வைத்தாள். இனிப்புப் போதவில்லை.

14 ஜூன்

செவிலிமேடு போனேன். பத்திரிகை படித்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்திரா திரும்பி வந்துவிட்டாள். “பெரியம்மா இப்பல்லாம் பேசறதே இல்ல சார். போன மாசம் நல்லா வந்துக்கினு இருந்துச்சே” என்றாள். களைப்பாக இருக்கும் என்றேன்.

நான் தெருவில் இறங்கியதும் உள்ளே அவர் இந்திராவைக் கூப்பிட்டார். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். சரியாக.

3 ஜூலை

மன்றத்தில் தனியாக இருந்தேன். அம்சவேணி வந்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

“இந்திரா சொல்லிச்சு. கூட்டத்துக்கு மின்னாடியே அம்மாவுக்கு வேணாம்னா வேணாம்தானாம். உங்களுக்கும் தெரியுமாம்.”

வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.

“அன்னிக்கி மேடையில நீங்க கம்முனு இருந்தது எனக்குத் தெரியும் வாத்தியாரே. போவுது, மனுஷன் தெகச்சிப் பூட்டாருன்னு வெச்சிக்கினேன். இது அப்பிடி இல்ல.”

“இப்போது என்ன செய்யப் போகிறாய்?”

“நான் இன்னா செய்யறது. நாக்காலி உங்களுது. குந்துங்க.”

போய்விட்டாள். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள்.

17 ஜூலை

செயற்குழு. காந்தா மட்டும் வந்தாள். உட்காரவில்லை. “சார், நெஜமா அது?” என்று கேட்டாள். எது என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

படித்தவன் ஒருவன் பொறுப்பேற்றால் இந்த ஊருக்குப் பொறுக்காது.

27 ஜூலை

காப்பகத்துக்குப் போய்ப் பார்த்தேன். பூட்டவில்லை, திறந்தே கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. உத்தரத்தில் தூளிகளும் இல்லை, தூளி கட்டிய கயிறும் இல்லை. பால் காய்ச்சும் அண்டா வைத்த இடத்தில் கரி வட்டம்.

பக்கத்து வீட்டில் தறிக்குப் பாவு நூல் சுற்றிக்கொண்டிருந்தவளைக் கேட்டேன்.

“புள்ளிங்களயா? அடுத்த தெருவுக்கு மாத்திட்டாங்களேபா. குணமாலாம்மா தெனம் ஜட்காவுல வந்து குந்திக்கினு பாத்துக்கறாங்க. உங்களுக்குத் தெரியாதா? நீங்க மன்றத்து ஆளுதானே?”

அடுத்த தெருவுக்குப் போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல். “பாலு... மொதல்ல... காச்சு. அப்பறம்... கூட்டு.” திக்கித் திக்கித்தான். ஆனால் உத்தரவு. சரிம்மா, சரிம்மா என்று இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

எதிர் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வாசலுக்கு வந்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போனாள். குரல் நின்றது. நான் அங்கிருந்து நகரும்வரை அது மறுபடி எழவில்லை.

14 ஆகஸ்ட், ஞாயிறு

மாதக் கூட்டம். நாற்காலிகளை நானே துடைத்துப் போட்டேன். வெயில் கூடத்தின் பாதிவரை வந்து, திரும்பிப் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு பூட்டினேன்.

“இன்னிக்கி எத்தினி பேரு வந்தாங்க?” என்று கேட்டாள் பொன்னியம்மாள்.

“அந்தப் பக்கம் நல்ல மழை. ஒருவரும் வர முடியவில்லை” என்றேன்.

அவள் காயவைத்திருந்த மிளகாயை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தாள். மறுபடி குனிந்து அள்ளினாள்.