பூஜைக்கு நிறுத்திய கணினிகள்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், இரவு.

படூரில் எங்கள் ஆய்வகக் கணினிகளையும் அச்சரப்பாக்கம் கல்லூரிக் கணினிகளையும் இணையத்தில் கோத்து, மாமல்லபுரம் கரையில் புயல் அலை எவ்வளவு ஏறும் என்று கணக்கிடுகிறோம். இன்று மதியம் கல்லூரிப் பக்கம் மொத்தமும் அணைந்தது. போன் செய்தேன். அங்கே லேபைப் பார்த்துக்கொள்ளும் குமார் அசரவே இல்லை.

"நாளைக்கு லீவு சார். இன்னிக்கே பூஜை போட்டு, பொட்டு வெச்சு நிறுத்திட்டோம். மிஷினுக்கும் ரெஸ்ட் வேணாமா?"

வந்த கோபம் திரையைப் பார்த்ததும் போய்விட்டது. அவர்கள் விட்ட வேலையை என் நிரல் எங்கள் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது. ஒரு கணக்கும் தொலையவில்லை. எந்தக் கணினியை அணைத்தாலும் கணக்கு நிற்காது என்று நான் எல்லோரிடமும் சொல்லிவந்தது வாய்ச்சவடால் இல்லை.

நாளை எங்கள் பூஜை. "நாமளும் எல்லாத்தையும் நிறுத்திடலாமா?" என்றாள் கூட ஆய்வு செய்யும் மீனா.

"ஒண்ணத் தவிர."

என் நிரல் ஓடுவதும் வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் அந்த ஒரு கணினியில்தான். அதை அணைத்தால் என்ன ஆகும் என்று மட்டும் நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பொட்டு மட்டும் போதும்.