எரிக்கச் சொன்ன படங்கள்

என் அன்பான மெகன் அக்கா,

நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. பாரிசின் லா சப்பலில் நம் இரு வீட்டுக்கும் பொதுவான மாடிப்படி இப்போது சத்தமில்லாமல் கிடக்கிறது. உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை.

வேல்ஸ் நாட்டில் ஒரு கல்லுடைக்கும் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, ஓவியம் படிக்கப் பாரிசுக்கு வந்தீர்கள். பெயர் வாங்கித் தந்ததோ பத்திரிகைகளில் எழுதிய ஓவிய விமர்சனம். உங்கள் பேனாவுக்குப் பயப்படாத ஓவியர்கள் குறைவாம். நீங்கள் தொடர்ந்து வரைந்ததை எங்கள் வீட்டைத் தவிர யார் அறிவார்? ஞாயிறுதோறும் என் குசினியில் வந்திருந்து, வெங்காயம் உரிக்கும் என்னைப் பதினொரு வருடம் வரைந்தீர்களே.

ஆசுபத்திரியில் என் கையைப் பிடித்து, "எல்லாவற்றையும் எரித்துவிடு" என்றீர்கள். உங்கள் விமர்சனத்தை வாசித்த பெண் ஒருத்தி அதன்பிறகு தூரிகையையே தொடவில்லை என்று அன்றுதான் சொன்னீர்கள். "அவளை நிறுத்திய நான், என்னுடையதை எந்த முகத்தோடு காட்டுவேன்?"

நான் "ஓம்" என்றேன். எங்களிடம் பழகி, 'ஆம்' என்பதற்கு நாங்கள் சொல்லும் அந்தச் சொல் உங்களுக்கும் தெரிந்திருந்தது.

போன மாதம் பாரிசுக்கு வெளியே திரான்சியில் அண்ணையின் வீட்டுப் பின்வளவுக்குப் படங்களைக் கொண்டுபோனோம். முதல் படத்தை நெருப்பில் வைத்தேன். சாயம் கொப்புளித்தது. இரண்டாவதை எடுக்கும்போது மகள் பறித்துக்கொண்டு பிரெஞ்சில் கத்தினாள்: "இது உங்கள் முகம், அம்மா! நான்கூட உங்களை இப்படிப் பார்த்ததில்லை."

நான் தயங்கி நின்றதில் என் கணவருக்குக் கோபம். "சாகப்போற மனிசிக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டு, இப்ப மாறுறியோ?"

நெருப்பில் தண்ணீரை ஊற்றினேன்.

எரிந்துபோன படத்தை நினைத்தால் அதை எரித்திருக்கக் கூடாது என்று தோன்றுகிறது. மிச்சத்தைப் பார்த்தால் உங்களை ஏமாற்றிவிட்டதாகப் படுகிறது. எது பெரிய பிழை, அக்கா?

உங்கள் விமர்சனத்தால் தூரிகையை விட்ட அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். அடுத்த மாதம் இங்கே ஒரு சின்ன மண்டபத்தில் படங்களை மாட்டுகிறோம், வந்து பாருங்கள் என்றேன். "வருகிறேன், ஆனால் பொய் சொல்லமாட்டேன்" என்றார்.

அவர் என்ன சொன்னாலும், எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும், ஒரு சொல்லும் குறைக்காமல் உங்கள் கல்லறைக்கு வந்து சொல்லுவேன். இந்த வாக்கை மீறமாட்டேன்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
பவானி