உன் கூரைமேல் மறுபடியும் பரங்கிக்காய்

தொம்மலூர் வீட்டிலிருந்து, என் செல்ல அண்ணனுக்கு,

முதலில் சந்தோஷச் செய்தி. உன் ஓட்டுக் கூரைமேல் பரங்கிக்காய் காய்த்துக் கிடக்கிறது. ஒன்றா இரண்டா! ஓடு உடைந்துவிடுமோ என்று அண்ணி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கழுத்து சுளுக்கிக்கொள்ளும் என்று சொன்னால் கேட்டால்தானே?

நீ போன பிறகு பரங்கிக்கொடிதான் அவளுக்குச் சோறு போட்டது. வருஷா வருஷம் நீ எடுத்து வைத்த விதையைப் போட்டு, கூரைமேல் ஏற்றிவிட்டு, காயைக் கூடையில் சுமந்து அல்சூர் சந்தைக்குப் போவாள். "உங்க அண்ணன் இல்லாட்டியும் அவர் வச்ச விதை என்னைக் காப்பாத்துது" என்பாள். போன வருஷம் அந்தக் கொடி காய்க்கவே இல்லை. அந்தக் கதையை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்? கோபப்படாமல் கேள். காரணம் உன் மச்சான், அதாவது என் வீட்டுக்காரர்.

மலேரியாக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன நாளிலிருந்து அவருக்குக் கொசு என்றாலே ஜென்மப் பகை. வீடு வீடாக டி.டி.டி. மருந்து அடிக்கும் சர்க்கார் வேலையில் போய்ச் சேர்ந்துகொண்டார். பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் பட்டாளத்துக்குப் போகிற மிடுக்குதான். குறை சொல்லக் கூடாது, நம் தெருவில் குளிர்க் காய்ச்சல் குறைந்துதான் போனது. மூட்டைப்பூச்சியும் சேர்ந்து செத்தது என்று அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தவர்கள் உண்டு.

அந்தப் பெருமை தலைக்கு ஏறிவிட்டது. சிவப்பு வண்டு கொடியின் இலையைச் சல்லடையாக்குகிறது என்று அண்ணி ஒரு வார்த்தை சொன்னாள். "நான் எதுக்கு இருக்கேன்? சுவத்துல இருக்கிற பூச்சி சாவுது, செடியில இருக்கிறது சாவாதா?" என்று ஒரு டப்பா நிறைய டி.டி.டி. பொடியைக் கொண்டுவந்தார். காலை நேரம், பூவெல்லாம் விரிந்திருக்கிறது. ஏணி போட்டு ஏறி, சாமிக்கு விபூதி அபிஷேகம் செய்கிற பக்தியோடு இலை, பூ, ஓடு என்று ஒன்று விடாமல் தூவினார். "மச்சான் செடிய நான் பாத்துக்கறேன்" என்றார். அண்ணா, அதை அவர் சொன்ன விதத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது.

வண்டு செத்தது. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் பூ பூத்தது, பிஞ்சு வைத்தது, அப்படியே மஞ்சளாகி உதிர்ந்தது. வண்டு போன இடத்தில் அசுவினிப் பூச்சி வந்து இலைக்கு அடியில் அப்பிக்கொண்டது. அதைத் தின்கிற பொறிவண்டு பொடியில் செத்துக் கிடந்தது. அவரோ இன்னும் கொஞ்சம் தூவினார்.

உன் பல்லிகளும் காணாமல் போயின. ஓட்டு இடுக்கில் குடியிருந்தவை, கொடியில் பூச்சி பிடித்துத் தின்றவை. நீ ஒரு பேச்சைச் சொல்லி முடித்ததும் மேலே 'ச்ச் ச்ச்' என்று கேட்கும். "பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு!" என்று வழக்கை ஜெயித்துவிடுவாயே! பல்லி இல்லாத நாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீயே நாக்கைத் தட்டுவாய் என்பது அண்ணிக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? அவளுக்கு எல்லாம் தெரியும். அந்த வருஷம் பல்லியும் இல்லை, நாக்கைத் தட்ட நீயும் இல்லை. வீடு ஊமையாகிவிட்டது.

பக்கத்து வீட்டு கௌரம்மாதான் ஒருநாள் கொடியைப் பார்த்துவிட்டு, "ஜேனே இல்லவல்லம்மா!" என்று கன்னடத்தில் அதிசயப்பட்டாள். அப்போதுதான் நானும் கவனித்தேன். அத்தனை பூவில் ஒரு தேனீகூட இல்லை. ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்கு வேறு யார் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்? பிறகு எப்படிக் காய்க்கும்?

கிருஷ்ணகிரியிலிருந்து அண்ணியின் தம்பி வந்தான். "எதுக்குக்கா இங்க தனியா? நம்ம வீட்டுக்கு வந்துடு." அண்ணி என்னைப் பார்த்தாள். "அடுத்த விதைப்பும் காய்க்கலன்னா வந்துடறேன்டா" என்றாள். நீ போனாய், சரி. அவளும் போய்விட்டால் இந்த ஊரில் உன் பேரைச் சொல்லி நான் யாரோடு சண்டை போடுவேன்?

இந்த வருஷம் விதை போட்டு, கொடி கூரையைத் தொட்டது. உன் மச்சான் மறுபடி டப்பாவோடு வந்து நின்றார். நான் கத்தினேன். "சர்க்கார் மருந்துடி, உனக்கு என்ன தெரியும்?" என்று அவரும் கத்தினார். அண்ணி மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"வீட்டுக்குள்ள மருந்து அடிக்க வந்தா முதல்ல என்ன சொல்வீங்க?"

"சோத்துப் பானை, தண்ணிக் குடம் எல்லாத்தையும் வெளிய எடுத்து வையுங்கன்னு சொல்வோம். சாப்பாட்டுல படக் கூடாதில்ல?"

"இதுவும் சோறுதானே? கூரைமேல இருக்கு, அவ்வளவுதான். இத நான் எங்க எடுத்து வைக்கிறது?"

மனிதர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வேலை செய்கிற இடத்திலேயே அதைத் திருப்பி வைத்துவிட்டு வந்து, "இப்ப நான் என்ன பண்ணணும், சொல்லும்மா" என்றார்.

சும்மா விடுவேனா? வண்டு பறக்கத் தெம்பில்லாமல் இருக்கும் விடியற்காலையில் எழுப்பிப் பொறுக்கவிட்டேன். இலையில் பனி ஈரம் இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவினோம். வேப்பம் புண்ணாக்கை ஊறவைத்த தண்ணீரை, பூவெல்லாம் மூடிய பிறகு சாயங்காலத்தில் தெளித்தோம். கொடிக்கு உரமாகப் போட கௌரம்மா மாட்டுச் சாணம் கொடுத்தாள். வண்டு அடியோடு ஒழிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அது தின்றதுபோக எங்களுக்கும் மிச்சமிருந்தது.

தேனீ வருகிறவரைக்கும் பூக்களுக்கு நாங்களே கல்யாணம் செய்துவைத்தோம், அண்ணா! ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவுக்குள் மெல்லத் தடவ வேண்டும். உன் மச்சான் ஏணிமேல் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பூவுக்கும் வாயாலேயே "பீப்பீ... டும்டும்" என்று மேளம் வாசித்தார். தெருவே சிரித்தது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு மழைக்குப் பிறகு, மேளம் வாசிக்கப் போனவர் ஏணியிலிருந்து அலறிக்கொண்டு இறங்கினார். மூக்கில் தேனீ கொட்டியிருந்தது. "கொட்டிடுச்சு! வந்துடுச்சுடி, வந்துடுச்சு!" என்று வீங்கிய மூக்கோடு குதித்த மனிதரை உலகத்தில் வேறு எங்காவது பார்த்திருக்கிறாயா?

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் தம்பி அவளை அழைத்துப்போக வந்தான். பரங்கிக்காய்ப் புளிக்குழம்பை ஊற்றி, அவன் தட்டை வழித்துச் சாப்பிடும்வரை அண்ணி காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "நான் எங்கயும் வரலடா. என் வீடு இதுதான்."

மேலே ஓட்டில் 'ச்ச் ச்ச்' என்று கேட்டது.

அண்ணி அண்ணாந்து பார்க்கவில்லை, அண்ணா. சட்டென்று திரும்பி, நீ எப்போதும் உட்காரும் மூலையைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. ஆனாலும் உன்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டவள் மாதிரி, அழுதுகொண்டே சிரித்தாள். "மச்சான் சொல்லிட்டாரு, அப்பீல் கிடையாது" என்றார் உன் மச்சான்.

பல்லிதானா, நீயா?

எதுவாக இருந்தாலும் சரி. உன் கூரைமேல் இனி அந்தப் பொடி ஏறாது. தேனீக்கும் பல்லிக்கும் அங்கே இடம் உண்டு. அண்ணிக்கு நான் இருக்கிறேன். அடுத்த வருஷ விதை இப்போதே சாம்பலில் புரட்டி எடுத்து வைத்தாயிற்று. முதல் பூவுக்கு மேளம் வாசிக்கும்போது நீயும் வந்து நாக்கைத் தட்டு.

உன் மச்சானை இன்னும் அதட்டிக்கொண்டிருக்கும்,
உன் ஒரே தங்கச்சி