ஆகாதவரோடு வாருங்கள்

மார்ச் 4, செவ்வாய்

‘நெடுங்கலம்’ இன்று என் தலையில் வந்து விழுந்தது. மூன்று படங்கள் வந்து, மூன்றாவது மண்ணைக் கவ்வி, பதினைந்து வருடம் தூங்கிய விண்வெளித் தொடர். சத்தமில்லாமல் நான்காவதை எடுத்து முடித்துவிட்டார்கள். விளம்பரம் முழுக்க என் பொறுப்பு.

தயாரிப்பாளர் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “ஒண்ணே ஒண்ணுதான். இது விண்வெளிப் படம்னு ஜனங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா வர மாட்டாங்க.”

அவ்வளவு பெரிய விண்கலத்தை எங்கே ஒளிப்பது? துண்டைப் போட்டு மூடுவதா? சிரித்துக்கொண்டே எழுந்து வந்தேன். இதைவிட நோஞ்சான் படங்களையெல்லாம் ஓட வைத்திருக்கிறேன்.

தம்பிக்கு ஃபோன் செய்தேன். அந்தத் தொடரின் ரசிகர் குழுவை நடத்துவதே அவன்தான். “அக்கா, நெஜமாவா? நீயா?” என்று காது கிழியக் கத்தினான்.

மார்ச் 7, வெள்ளி

படம் பார்த்தேன். விபத்துக்குப் பிறகு கலத்தில் மிஞ்சுவது இரண்டே பேர். கலத்தை ஓட்டுகிறவள், அவளுடைய நாத்தனார். பல வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள். மூச்சுவிடக் காற்று இருப்பதோ ஒரே ஒரு அறையில்.

முடிந்ததும் இயக்குநர் காலம், வெளி, மனித இனத்தின் தனிமை என்று நெடுநேரம் பேசினார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். ஐயா, நீங்கள் எடுத்து வைத்திருப்பது ஒரு குடும்பச் சண்டை! அதுவும் ஓடிப்போய் ஒளிய இடமில்லாத சண்டை. இது தெரிந்தால் ஊரே வரும்.

மார்ச் 15, சனி

பெரியக்காவின் பல் கிளினிக்குக்குப் போனேன். கடைவாய்ப் பல் அடைக்கவேண்டியிருந்தது. காத்திருக்கும் அறையில் ஒரு டிவி, எப்போதும் சத்தமில்லாமல் ஓடும். சட்டென்று தோன்றியது — தயாரிப்பாளர் ஆசைப்பட்டபடி வெட்டிய டிரெய்லரை அதில் போட்டுவிட்டேன். நெருப்பு, ஓட்டம், வெடி. ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது. கன்னம் வீங்கிய ஒருவர் கொட்டாவி விட்டார். மற்றவர்கள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அடுத்து நான் ஒட்டுப்போட்டு வைத்திருந்தது. ஒரு சின்ன அறை. ஜன்னல் முழுக்க நட்சத்திரங்கள். முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பெண்கள். ஒருத்தி திரும்பிப் பார்க்காமலே தண்ணீர்க் குப்பியை மற்றவள் பக்கம் நகர்த்துகிறாள். அவள் எடுக்கவில்லை.

கன்னம் வீங்கியவர் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். ஒரு அம்மா, உள்ளே கூப்பிட்டும் போகாமல் நின்றார்.

பெரியக்கா முகமூடியைக் கீழே இழுத்தபடி எட்டிப் பார்த்தாள். “ஏண்டி, அவளுங்க ரெண்டு பேருக்கும் என்ன தகராறு?”

“படத்துல பாரு.”

“விண்வெளிப் படமெல்லாம் நான் பாக்கிறதில்ல.” போனவள் திரும்பி வந்தாள். “எப்ப வருது?”

எதையும் ஒளிக்கப்போவதில்லை. விண்வெளியைக் காட்டுவோம், அதற்குள் மாட்டிக்கொண்ட பிணக்கையும் சேர்த்து.

ஏப்ரல் 2, புதன்

டிரெய்லர் வெளியானது. விண்வெளியைக் காட்டத் தயாரிப்பாளரைச் சம்மதிக்க வைக்கவே இரண்டு வாரம் பிடித்தது. “வெளியே காற்றில்லை. உள்ளே பேச்சில்லை.” போஸ்டரில் இந்த வரி என்னுடையது. நன்றாகத்தான் இருக்கிறது, அடக்கமெல்லாம் எதற்கு.

மதியத்துக்குள் தம்பியின் குழு கொதித்துவிட்டது. சீரியலாம். அழுகாச்சியாம். படத்தைப் புறக்கணிக்கிறார்களாம். சாயங்காலம் அவனே கூப்பிட்டான். “எஞ்சினையே காட்டல. எங்க படத்தை வித்துட்டியே அக்கா.”

“விக்கிறதுதாண்டா என் வேலை.”

வைத்துவிட்டான்.

நான் சொன்னது சரிதான். ஆனா அப்படியா வெடுக்குன்னு சொல்றது? சின்ன வயசிலேர்ந்து அந்தக் கலத்தைச் சுவர் சுவரா வரைஞ்சவன் அவன். ச்சே.

ஏப்ரல் 3, வியாழன்

தயாரிப்பாளர் முகம் வெளிறிக் கிடந்தது. “ரசிகனே வரலைன்னா வேற யாரு வருவா? இன்னொரு டிரெய்லர் விடுங்க. வெடிக்கிறது எல்லாத்தையும் போடுங்க. க்ளைமாக்ஸையும் போடுங்க.”

“அதைப் போட்டா நான் இந்த வேலையில இல்ல சார்.”

“மிரட்டுறீங்களா?”

“இல்ல சார். முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.”

ரிலீஸ் வரைக்கும் விட்டுப் பிடிப்பதாகச் சொன்னார். அறையில் கம்பீரமாகத்தான் இருந்தேன். லிஃப்டில் ஏறியதும், பொத்தானை அழுத்தவே மறந்து நின்றிருந்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பிடித்துவிட்டேன்!

ஆபீஸ் கூட்டத்தில், படத்துக்கு யாரையெல்லாம் வரவழைக்கலாம் என்று பேச்சு. “உங்களுக்குச் சுத்தமா ஆகாத ஒருத்தர் யாரு?” என்று சும்மா கேட்டு வைத்தேன். ஒருவருக்கும் யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. எடிட்டருக்கு மேல்வீட்டுக்காரர், கணக்காளருக்குச் சம்பந்தியம்மா. போஸ்டர் வரைகிற பெண், எதிரே உட்கார்ந்திருந்த எடிட்டரையே காட்டினாள். கூட்டம் கலைய மனமில்லாமல் எல்லாரும் பொருமித் தீர்த்தார்கள்.

அப்போதே எழுதிக் கொடுத்தேன்: “ஆகாதவரோடு வாருங்கள். இரண்டாவது டிக்கெட் எங்கள் செலவு.”

தயாரிப்பாளர் இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை சிரித்துவிட்டார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தம்பி இன்னும் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். — போகட்டுமா?

மே 9, வெள்ளி

ரிலீஸ். காலைக் காட்சியில் பாதி நாற்காலி காலி. வந்த பழைய ரசிகர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தயாரிப்பாளர் ஃபோன் மேல் ஃபோன். “சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார்” என்றேன். குரல் பிசிறவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் ஜோடி ஜோடியாக வந்தார்கள். மாமியார் முன்னால், மருமகள் நாலடி பின்னால். டிக்கெட் கவுண்டரில் ஒருவர், “இந்தா நிக்கிறாரே, இவருதான் எனக்கு ஆகாதவர்” என்று பெருமையாக அறிமுகம் செய்தார். கூட வந்தவர், “ஓசி டிக்கெட்டுங்கிறதால வந்தேன்” என்றார். நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். ஓர நாற்காலிக்குரியவர் வந்து ஒருவரை எழுப்ப, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று.

அண்ணி நாத்தனாரைப் பார்த்து முதல்முதலாக வாய் திறக்கும் இடத்தில் அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. நான் திரையைப் பார்க்கவில்லை. முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 12, திங்கள்

காட்சிகளைக் கூட்டியிருக்கிறார்கள். தயாரிப்பாளர் இப்போது எல்லாரிடமும், “நான் அப்பவே சொன்னேன்” என்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஜூன் 1, ஞாயிறு

தம்பி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“உன் ஆளுங்க தொல்லை தாங்கல அக்கா.”

“என் ஆளுங்களா?”

“குழு முழுக்க அத்தைங்களும் சித்திங்களும்தான். காலைல ஆரம்பிச்சா ஒரே கேள்வி. ஒரு அம்மா முதல் மூணு படத்தையும் தேடிப் பாத்துட்டு வந்து, ரெண்டாவதுல எரிபொருள் தீந்த கலம் மூணாவதுல எப்படித் திரும்பி வந்துச்சுன்னு கேக்குறாங்க. அந்த ஓட்டையை இத்தனை வருஷமா நாங்க ஒருத்தருமே கவனிக்கல!”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தச் சொல்றது? நேத்து முழுக்க உக்காந்து கணக்குப் போட்டேன்.” ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். “நாலாவது நல்லாத்தான் இருக்கு. டிரெய்லர்ல எஞ்சினைக் காட்டியிருக்கலாம்.”

“அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா.”

“சரி விடு.”

அவன் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தவன் முகம் மலர்ந்துவிட்டது. “அவங்கதான். ஒரு நிமிஷம்” என்று பால்கனிக்குப் போனான்.

“இல்லைங்கம்மா, அப்படியில்ல. முதல்ல அந்த எஞ்சினைப் புரிஞ்சுக்கணும்…”

அவனுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தேன். சாப்பாடு ஆறிவிட்டது. அவன் இன்னும் உள்ளே வரவில்லை.