அகல டிவியில் நீ

ஓசூர்

அன்புள்ள கிருபாராணிக்கு,

கர்த்தர் காக்க, நலமாயிருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா?

எங்கள் கடைக்கு ஒரு டிவி வந்திருக்கிறது. அகலம் என்றால் அப்படியோர் அகலம்! சினிமா போட்டால் சுவர் முழுக்க விரிகிறது. நான் வாயைப் பிளந்து நின்றேன். சேனல்காரர்கள் அனுப்பும் சீரியல் மட்டும் அவ்வளவு அகலமில்லாததால், நடுவில் நின்று இருபுறமும் கறுப்புப் பட்டை விழும்.

உன்னைப் பார்த்து நான்கு மாதமாயிற்றே என்று, நீ அனுப்பிய வீடியோவை அதில் போட்டேன். போனை நெட்டுக்குத்தாகப் பிடித்திருக்கிறாய், குச்சியாய்த் தெரிந்தாய். படத்தைத் திரை நிறைய அகலமாக இழுத்துவிட்டேன். டிவி வாங்க வந்த பர்கூர் மாதேஸ்வரன், "ஏம்பா, உன் வீட்டம்மா கதவுல நுழைவாங்களா?" என்றார். உடனே பழையபடி குச்சியாக்கிவிட்டேன்.

அடுத்த முறை போனைப் படுக்கையாகப் பிடி. மகள் ப்ரீதாவையும் பக்கத்தில் நிறுத்து. அப்போதும் ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு மிஞ்சும். அந்த இடத்துக்கு என் தொப்பை சரியாயிருக்கும். கிறிஸ்துமஸுக்கு வந்து நிற்கிறேன்.

முதலாளி முறைக்கிறார்.

உன்
அருள்ஜோசப்