வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி

அன்புள்ள 'என்னங்க'வுக்கு,

இங்கே நானும் அத்தையும் நலம். நடுக்கடலில் நீங்களும் உங்கள் எஞ்சின் அறையும் நலமாக இருக்க வேண்டும். அடுத்த துறைமுகத்தில் இந்தக் கடிதம் உங்களுக்காகக் காத்திருக்கும் என்று கப்பல் ஆபீஸில் சொன்னார்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் பயந்தால் அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொள்ளும். கடிதம் என்றால் நீங்கள் தனியாகப் பயந்து முடித்துவிட்டு மீதியைப் படிக்கலாம்.

விஷயம் இதுதான். எனக்குச் சர்க்கரை வந்திருக்கிறது. கர்ப்பத்தோடு வருகிற சர்க்கரையாம், பிரசவம் ஆனதும் பெரும்பாலும் போய்விடுமாம். அதுவரை என் ரத்தத்தில் கூடுகிற சர்க்கரை குழந்தைக்கும் போகிறது. அதனால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கலாம், பிறந்தவுடன் அதன் சர்க்கரை திடீரென்று இறங்கலாம், வளர்ந்த பிறகும் இதன் மிச்சம் உடம்பில் தங்கலாம் என்றார் டாக்டரம்மா. நான் போன தடவையைப் பற்றிச் சொன்னேன். பையன் நாலரைக் கிலோ இருந்தான், பார்த்தவர்கள் எல்லாம் ராஜா மாதிரி என்றார்கள், அழத்தான் இல்லை என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்ப சர்க்கரை பார்க்கலையேம்மா. இதுதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்தத் தடவை பார்த்துட்டோம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

என் பிழைப்பை நினைத்தால் சிரிப்பாகவும் வருகிறது. ஊரில் எத்தனையோ வேலை இருக்க, எனக்கு வாய்த்தது பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கிற வேலை. எனக்கு அங்கே 'நாக்கு' என்றே பட்டப்பெயர். சூடாக வருகிற ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை உடைத்து, முகர்ந்து, மென்று, விழுங்கிச் சொல்ல வேண்டும். பூனையைப் பால் சட்டிக்குக் காவல் வைத்த கதைதான்.

முதல் வாரம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வாயைக் கட்டணும் என்று டாக்டரம்மா சொன்னதை, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று நம் வீட்டில் சொல்கிற கணக்கில் எடுத்துக்கொண்டேன். ஒரு வேளை சாப்பாட்டையே விட்டேன். ஆலையில் தலை சுற்றி மாவு மூட்டை மேல் விழுந்து, எழுந்தபோது பேய் மாதிரி வெள்ளையாக இருந்தேன். டாக்டரம்மா அன்று திட்டிய திட்டு உங்கள் கப்பலுக்கே கேட்டிருக்கும். "வாயைத்தான் கட்டச் சொன்னேன், வயித்தைக் கட்டச் சொன்னேனா? நீ பட்டினி கிடந்தா உள்ள இருக்கிறதும்தானே பட்டினி?" என்றார். கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாக, முட்டை, பயறு, கீரை, காய் என்று நிறைவாகச் சாப்பிட வேண்டும், சோறும் ரொட்டியும் அளவோடு வேண்டும், இனிப்பு கூடாது. சாப்பிட்டதும் நடக்க வேண்டும். இதிலேயே அடங்கிவிட்டால் இன்சுலின் ஊசி வேண்டாமாம்.

அத்தைக்குத்தான் ஆறவில்லை. உங்கள் அம்மாவுக்கு அன்பு என்றால் அது சர்க்கரைப் பாகில்தான் ஊறி வரும், உங்களுக்குத் தெரியாததா. "வாயும் வயிறுமா இருக்கிறவ, வாயைக் கட்டலாமா?" என்று கேக்கை முகத்துக்கு நேரே நீட்டினார். வாய் என்னோடது அத்தை, வயிறு இப்போ அதோடது என்று சொல்லிவிட்டேன். அத்தைக்கு என் மேல் கோபம். நீங்கள் நடுவில் புகுந்து பஞ்சாயத்து பண்ண வேண்டாம். நீங்கள் தைரியமாக அங்கே உள்ள எஞ்சினைப் பாருங்கள், இங்கே உள்ளதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாயை மட்டும் கட்டியிருக்கும் உங்கள் மனைவி


அன்புள்ள 'என்னங்க'வுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வேலையை விட்டுவிடு என்று எழுதியிருந்தீர்கள். வேலையை ஏன் விட வேண்டும்? விழுங்குவதைத்தான் விட வேண்டும். மென்று பார்த்துவிட்டுத் துப்பிவிடுகிறேன், வாயைக் கொப்பளித்துக்கொள்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். மாவில் சோடா கூடிப்போனால் தொண்டையில்தான் தெரியும், விழுங்காமல் எப்படித் தெரியும் என்றார். அடிநாக்கில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் தெரியும் என்றேன். "தின்கிற பண்டத்துக்கு முன்னாடி நின்னு துப்புவியா? துப்புக்கெட்ட வேலை!" என்றார். அதையே நானும் சொல்கிறேன் சார், துப்பத்தான் இடம் கேட்கிறேன் என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டதால் அவருக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. ஒரு மூடி போட்ட டம்ளர் கொடுத்து, யார் கண்ணிலும் படாமல் செய் என்றார்.

பட்டது. அதுவும் முதலாளி கண்ணில்.

வெளியூர் வியாபாரிகள் நான்கைந்து பேரைக் கூட்டிக்கொண்டு, எங்கள் பிஸ்கட் மாதிரி உண்டா என்று பேசிக்கொண்டே அவர் உள்ளே வந்த நேரம் பார்த்து நான் டம்ளரை எடுத்துத் துப்பினேன். அவருக்கு முகம் செத்துவிட்டது. "லைனை நிறுத்துங்கய்யா!" என்று ஒரே கத்தல். பெல்ட் நின்றது. வாய் நிறையக் கொப்பளிக்கிற தண்ணீர் எனக்கு. அவ்வளவு பேர் முன்னால் துப்பவும் கூச்சம், விழுங்கவும் மனமில்லை. காரணம் இதுதான் என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவர் என்ன நினைத்தார் தெரியுமா? பிஸ்கட் தின்று எனக்கு வயிற்றுவலி என்று! "ஐயோ, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!" என்று அடுத்த கத்தல். இதற்குள் அடுப்புக்குள் நின்றுபோன தட்டெல்லாம் கரிந்து, புகை மண்டி, எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். நான் ஓடிய வேகத்திலேயே தண்ணீரைத் துப்பிவிட்டு, மூச்சு வாங்கி, கர்ப்பமா இருக்கேன் சார், எனக்குச் சர்க்கரை சார், பிஸ்கட் நல்லாத்தான் சார் இருக்கு என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

முதலாளி என்னைக் கடித்துத் துப்பிவிடுவார் போல்தான் பார்த்தார். நல்ல வேளையாக வந்தவர்களில் ஒரு அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கும் இரண்டாவது குழந்தைக்கு இதே சர்க்கரையாம், அப்போது வீட்டில் யாரும் நம்பவில்லையாம். "நீ துப்பும்மா, தாராளமா துப்பு" என்றார். சரக்கு வாங்க வந்தவரே சிரித்தபின் முதலாளி முறைக்க முடியுமா? அவரும் சிரித்தார். இப்போது என் மேஜைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு குழாயும் தொட்டியும் வைத்திருக்கிறார்கள். கம்பெனியிலேயே சட்டப்படி துப்புகிற ஒரே ஆள் உங்கள் மனைவிதான்.

அத்தையின் கோபமும் முடிந்துவிட்டது. என்னோடு டாக்டரம்மாவைப் பார்க்க வந்தவர், நான் சொல்லி முடித்ததை எல்லாம் அந்தம்மா வாயால் இன்னொரு தடவை கேட்டார். திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன தடவை நான்தானே ஊட்டி ஊட்டி..." என்று ஆரம்பித்தார். அன்னைக்கு நமக்கு யாருக்குமே தெரியாது அத்தை என்று நான் முடித்துவிட்டேன். மறுநாள் முதல் போலீஸ் ஆகிவிட்டார். இனிப்போடு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி அந்த இனிப்பை அவர்களையே தின்ன வைக்கிறார். சாப்பிட்டதும் தெருமுனை வரை என்னை நடத்திக் கூட்டிப் போகிறார். அத்தை எனக்கு முன்னால், என் வயிறு அத்தைக்கும் முன்னால். சர்க்கரை அளவோடு இருக்கிறது, குழந்தையின் எடையும் சரியாக இருக்கிறது. ஊசி வேண்டியிருக்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

இப்படிக்கு,
உங்கள் நாக்கு


அன்புள்ள என் குழந்தையின் அப்பாவுக்கு,

ஜெயித்துவிட்டோம்!

தாயும் சேயும் நலம் என்று கப்பல் ஆபீஸ் உங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கும். பெண் குழந்தை. மூன்று கிலோவுக்குச் சற்று மேலே. ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை, அளவான குழந்தை. எவ்வளவு அழகான வார்த்தை அது, அளவு! இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அழுதாள். அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். வெளியே வந்ததும் வராததுமாக, என்ன இவ்வளவு வெளிச்சம் என்று சண்டைக்கு வந்தது போல் அழுதாள். நர்ஸுகள் சமாதானப்படுத்தப் பார்த்தார்கள். விடுங்க, அழட்டும், நான் கேட்கணும் என்றேன். கேட்டுக்கொண்டே நானும் அழுதேன். டாக்டரம்மா முகமூடியைச் சரிசெய்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் அதோடு முடியவில்லை. குழந்தையின் சர்க்கரை இறங்கிவிடக் கூடாதே என்று குதிகாலில் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் என் உயிர் அந்தக் குட்டிக் குதிகாலில்தான் இருந்தது. கடைசித் தடவை பார்த்துவிட்டு நர்ஸ் சிரித்தாள். "சர்க்கரை இல்லையே?" என்று அத்தை பதறிக்கொண்டு கேட்டார். "இல்லாம எப்படிம்மா? இருக்கணும், சரியா இருக்கு" என்றாள் நர்ஸ். அத்தைக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனாலும் வார்டு முழுக்கப் போய், என் பேத்திக்குச் சர்க்கரை சரியா இருக்கு என்று அறிவித்துவிட்டு வந்தார். யாரும் கேட்கவில்லை, இவரும் விடவில்லை.

எனக்கும் பார்த்தார்கள், இறங்கிவிட்டது. சில வாரம் கழித்து ஒரு தடவையும், பிறகு அவ்வப்போதும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சர்க்கரை மறுபடி வரக்கூடிய ஆள் நான், ஆகவே மனம் போனபடி தின்ன முடியாது. பரவாயில்லை. ஆலையில் குழாயும் தொட்டியும் இருக்கிறதே. முதலாளி ஒரு பெரிய பிஸ்கட் பெட்டியை அனுப்பி வைத்தார். ஆஸ்பத்திரி ஊழியர்கள் அத்தனை பேரும் தின்றார்கள். நான் ஒன்றைக் கடித்து, சோடா சரி என்று சொல்லி, அதை விழுங்கியும்விட்டேன். அவ்வளவு நாளுக்கும் சேர்த்து அது ஒன்று போதும்.

இப்போது ஒரு வேண்டுகோள். நம் பையனுக்கென்று வைத்திருந்த பெயரை அன்றிலிருந்து நாம் இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்தத் தடவை நான் பெயர்ப் பேச்சை எடுத்தபோதெல்லாம், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்று போனை வைத்தீர்கள். எஞ்சின் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை, உங்கள் மூச்சுதான் கேட்டது. அந்தப் பெயரையே கொஞ்சம் மாற்றி இவளுக்கு வைக்கலாம் என்கிறார் அத்தை. வேண்டாம். அது அவனுடையது, அவனிடமே இருக்கட்டும். இவளுக்கென்று புதிதாக ஒன்றை நீங்கள்தான் தர வேண்டும்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அதற்கு முன்னால், அடுத்த துறைமுகத்திலிருந்தே எழுதி அனுப்புங்கள். தொட்டிலில் இன்னும் 'பெண் குழந்தை' என்றுதான் அட்டை தொங்குகிறது. பயப்படாதீர்கள். இந்தத் தடவை பெயருக்கு ஆள் இருக்கிறது.

என்றும் உங்கள்,
இவளுடைய அம்மா